பத்து வருடக் கட்டி, ஒரு நிமிட வலிப்பு: எப்படி?

2024 ஜூன் 2, மாலை (கேள்வி)

அக்காவுக்கு 51 வயது. வியாழக்கிழமை வரை வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது வலது கை வெட்டி வெட்டி இழுத்தது, அப்படியே விழுந்துவிட்டார். எம்.ஆர்.ஐ.யில் 4 செ.மீ. மெனிஞ்சியோமா, அதாவது மூளையைச் சுற்றியுள்ள உறையில் வளரும் கட்டி. புற்றுநோய் இல்லை, சாதாரணக் கட்டிதான், பத்து வருடமாவது வளர்ந்திருக்கும் என்கிறார் டாக்டர். பத்து வருடம் ஒரு தலைவலிகூடக் கொடுக்காத கட்டி ஒரே நிமிடத்தில் ஆளைச் சாய்க்குமா? ஒன்று, அது மெதுவாக வளரும் கட்டியே இல்லை. இல்லையென்றால் யாரோ எதையோ கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். இரண்டில் எது?

ஜூன் 2, இரவு 11

இரண்டும் இல்லை.

2016-இல் என் தலையிலிருந்து 3.8 செ.மீ. அளவில் ஒன்றை எடுத்தார்கள். அதே ஜாதி. நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன், உங்களைவிடக் கொஞ்சம் சத்தமாக. சர்ஜன் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "கட்டி மெதுவாகத்தான் வளர்ந்தது, இடம்தான் திடீரென்று தீர்ந்துபோனது."

மண்டை ஓடு விரியாது. உள்ளே இருப்பவை மூன்று: மூளை, இரத்தம், மூளையைச் சுற்றி ஓடும் திரவம். நான்காவதாக ஒன்று நுழைந்தால் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இடம் விட வேண்டும். 1783-இல் அலெக்சாண்டர் மன்றோ சொன்னதும் 1824-இல் ஜார்ஜ் கெல்லி ஆதரித்ததும் இதைத்தான். இருநூறு வருடம் ஆகியும் பாடத்தில் அந்த இரண்டு பெயர்கள்தான். முதலில் ஒதுங்குவது திரவம். மொத்தமே 150 மி.லி. அளவுதான், ஆனால் நாளொன்றுக்கு 500 மி.லி. போல சுரந்து வடிந்துகொண்டே இருப்பது. அதில் கொஞ்சம் குறைந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. அடுத்து சிரைகளில் இருக்கும் இரத்தம் ஒதுங்கும். அதுவரை உள்ளே அழுத்தம் ஏறாது. ஒதுங்க எதுவும் மிச்சமில்லை என்றான பிறகு, அடுத்த ஒரு ஸ்பூன் அளவுக்கே அழுத்தம் எகிறும். மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் ஒரு நாள் வண்டியின் அச்சு முறியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான்.

ஜூன் 3, காலை

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன்.

வருடத்துக்கு 1, 2 மி.மீ. என்று சொல்லும்போது அது சின்ன விஷயமாகத் தோன்றுகிறது. அது விட்டத்தின் கணக்கு. மண்டைக்குள் இடத்தை அடைப்பது கன அளவு. கட்டியை உருண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மி.மீ. உருண்டை 12 ஆனால் கூடுவது 0.4 மி.லி.கூட இல்லை. 36 மி.மீ. உருண்டை 38 ஆனால் 4 மி.லி.க்கு மேல் கூடுகிறது. அதே 2 மி.மீ.தான், ஆனால் பதினோரு மடங்கு. உங்கள் அக்காவுடைய 4 செ.மீ. கட்டி 33 மி.லி. சொச்சம் வரும். 3 செ.மீ. ஆக இருந்தபோது 14 மி.லி.தான். கடைசி ஒரு சென்டிமீட்டரில் பாதிக்கு மேல் சேர்ந்திருக்கிறது.

ஆக வேகம் கூடாமலே பாரம் கூடும். இதை யாராவது அன்றைக்கே எனக்கு ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டியிருந்தால் பாதி சண்டை மிச்சமாகியிருக்கும்.

ஜூன் 3, மதியம்

"ஒரு தலைவலிகூட இல்லை" என்கிறீர்கள். எனக்கும் இல்லை. மூளைக்கு வலி தெரியாது. உறைக்கும் இரத்தக் குழாய்க்கும்தான் தெரியும். மெதுவாக இழுபட்டால் அவையும் பழகிவிடும்போல.

ஜூன் 4

என் கதையைக் கேட்டீர்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். இடது கால் கட்டைவிரல் துடித்தது. நான் ஆட்டவில்லை. வேடிக்கையாகத்தான் பார்த்தேன், மனைவியைக் கூப்பிட்டுக் காட்டக்கூடச் செய்தேன். துடிப்பு பாதத்துக்கு வந்தது, கெண்டைக்காலுக்கு ஏறியது, தொடை, இடுப்பு. தோள் வரை வந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஆம்புலன்ஸின் கூரைதான். நடுவில் இருந்த நாலு நிமிடம் எனக்கு இல்லை. மனைவிக்கு மட்டும் இருக்கிறது, அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

கண் விழித்தபோது இடது காலும் கையும் என்னுடையவையாக இல்லை. பக்கவாதம் என்றே முதலில் நினைத்தார்கள். வலிப்புக்குப் பிறகு சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும், இப்படி ஒரு பக்கம் செயலிழந்து பிறகு திரும்பும். டாட் வாதம் என்று பெயர். ராபர்ட் பென்ட்லி டாட் 1849-இலேயே விவரித்தது. எனக்கு மறுநாள் விடிவதற்குள் கை வந்துவிட்டது. காலில் ஒரு கனம் மட்டும் நின்றது.

முதலில் எடுத்த சாதா சி.டி.யில் கட்டி தெரியவில்லை. "லேசான வீக்கம் இருக்கலாம்" என்று மட்டும் எழுதியிருந்தது. மெனிஞ்சியோமா சில சமயம் மூளையின் அதே சாம்பல் நிறத்தில் கலந்துகிடக்கும், அதுவும் உச்சந்தலைக்கு அடியில் என்றால் சொல்லவே வேண்டாம். மருந்து செலுத்தி எடுத்த எம்.ஆர்.ஐ.யில் பல்பு மாதிரி எரிந்தது. உச்சியில், வலது பக்கம், நடுக்கோட்டை ஒட்டி. மூளையில் இடது காலுக்கான பகுதி சரியாக அங்கேதான் இருக்கிறது.

ஜூன் 5

முதல் குறிப்பைத் திருத்த வேண்டும். அச்சு முறிந்த கதையை நான் அழகாகச் சொன்னேன், ஆனால் அது எனக்கும் பொருந்தாது, உங்கள் அக்காவுக்கும் அனேகமாகப் பொருந்தாது. இன்று பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் படித்தேன். கண்ணின் உட்பகுதியைப் பார்த்து "நரம்பு வீக்கம் இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். உள்ளே அழுத்தம் நெடுநாள் எகிறியிருந்தால் பெரும்பாலும் அங்கே தெரிந்திருக்கும். ஆக, சர்ஜனின் அந்த அழகான வரி என் விஷயத்தில் முழு உண்மை இல்லை. அவர் அவசரத்தில் சொன்னார், நான் எட்டு வருடமாக அதையே ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு நடந்தது வேறு. கட்டி மூளைக்குள் நுழையாமல் மேலிருந்து அழுத்துகிறது. அழுத்தப்பட்ட இடத்து நரம்பணுக்கள் சாவதில்லை, எரிச்சலடைகின்றன. வருடக்கணக்கில் அந்த எரிச்சலை அக்கம்பக்கத்து அணுக்கள் அடக்கிவைக்கின்றன. தூக்கம் கெட்ட இரவு, காய்ச்சல், உப்புச் சத்துக் குறைவு என்று ஏதோ ஒன்று அந்த அடக்குமுறையைத் தளர்த்தும்போது ஒரேயடியாக வெடிக்கிறது. அந்த வாரம் மூன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், சந்தேகம் உண்டு. மெனிஞ்சியோமா உள்ளவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு அறுவைக்கு முன்பே வலிப்பு வருகிறது. பலருக்கு அதுதான் முதல் அறிகுறியே.

இதில் பெரிய கூட்டாளி, கட்டியைச் சுற்றிக் கோக்கும் நீர். கட்டி சின்னதாக இருக்கும், சுற்றி வீங்கிய பகுதி அதைவிடப் பெரிதாக இருக்கும். கட்டி சுரக்கும் சில பொருட்கள் பக்கத்து இரத்தக் குழாய்களைக் கசிய வைக்கின்றன. நீர் கோத்த மூளையில் வலிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். கட்டி ஒரு வாரத்தில் வளராது, நீர் கோக்கும். திடீர் என்பதில் பாதி இந்த நீர்தான் என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்த இரண்டாம் நாளே பலர் எழுந்து நடக்கிறார்கள். கட்டி அப்படியே இருக்கும், வீக்கம் வற்றியிருக்கும். என் காலின் கனமும் அப்படித்தான் போனது. குணமாகிவிட்டது, ஆபரேஷன் எதற்கு என்று டாக்டரிடம் வாதாடினேன். சிரிக்காதீர்கள்.

ஜூன் 5, இரவு

அச்சுக் கதை யாருக்கு முழுதாகப் பொருந்தும் என்றால், மூளையின் நடுவில் மூன்றாம் அறையின் வாசலில் உட்காரும் கொலாய்டு நீர்க்கட்டிக்கு. ஒரு சென்டிமீட்டர் சொச்சம் இருக்கும், உள்ளே பசை போல ஏதோ. திரவம் வடியும் துளையின் முன்னால் அது இருப்பதுதான் பிரச்சினை. துளை அடைபட்டால் சுரந்த திரவம் வெளியேற வழியில்லை, சில மணி நேரத்தில் ஆள் மயங்கிவிடலாம். அரிதாகச் சாவும் நேர்ந்திருக்கிறது. குனிந்தால் அல்லது தலையை ஒரு பக்கம் சாய்த்தால் மண்டை வெடிக்கிற மாதிரி வலி, நிமிர்ந்தால் போய்விடுகிறது என்று யாராவது சொன்னால் நான் சும்மா விடுவதில்லை.

ஜூன் 8

"மெதுவாக வளரும் கட்டி இரத்தம் கசியாது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். மெனிஞ்சியோமாவைப் பொறுத்தவரை கசிவது அபூர்வம், சரி. மூளைக்கு அடியில் இருக்கும் ஹார்மோன் சுரப்பியான பிட்யூட்டரியில் வரும் கட்டிக்கு இது பொருந்தாது.

ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டில்காரர் ஒரு வாத்தியார், ஓய்வுபெறப் போகிறவர். வகுப்பில் நின்றபடியே தலையில் யாரோ கோடாலியால் போட்டது போல வலி, வாந்தி, ஒரு மணி நேரத்தில் இடது இமை தொங்கி எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. மூளை இரத்தக்கசிவு என்று ஓடிவந்தார்கள். பிட்யூட்டரியில் கட்டி இருப்பது அன்றுதான் அவருக்கே தெரியும். அதற்குள் இரத்தம் கசிந்து ஒரேயடியாக வீங்கியிருந்தது. பிட்யூட்டரி அப்போப்ளெக்ஸி என்பார்கள், 1950-இல் வந்த பெயர். இந்த நிலையில் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்குக் கட்டி இருப்பதே தெரியாது. சுரப்பிக்கு நேர் மேலே பார்வை நரம்புகள் குறுக்கிடுகின்றன, இரு பக்கமும் கண்ணை அசைக்கும் நரம்புகள் போகின்றன. கண்ணில் கோளாறு தெரிவது அதனால்தான்.

எனக்கு வியப்பாக இருந்தது அவசர சிகிச்சை. ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடவில்லை. முதலில் ஏறியது ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி. பிட்யூட்டரி படுத்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்க உத்தரவிட ஆளில்லை, இரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகலாம். கட்டியைவிட அதுதான் சீக்கிரம் கொல்லும். வாத்தியார் மூன்றாம் நாள் என் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை வாங்கி எழுத்துப் பிழை திருத்தினார்.

ஜூன் 9

ஒரு காது திடீரென்று கேட்காமல் போவதும் இப்படி ஒரு கட்டியால் இருக்குமா என்று கேட்டவருக்கு: ஆமாம், அதுவும் இந்தக் குடும்பம்தான். கேட்கும் நரம்பை ஒட்டி, சமநிலை நரம்பின் உறையில் வளரும் ஷ்வானோமா என்ற கட்டி. பொதுவாக ஒரு காது பல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகும். சிலருக்கு மட்டும் ஒரே காலையில் ஒரு காது போய்விடும். உள்காதுக்குப் போகும் மெல்லிய இரத்தக் குழாய் நெரிபடுவதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

ஒரு பொறி இருக்கிறது. திடீர் செவிட்டுக்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள், காது திரும்பினாலும் திரும்பும். திரும்பிவிட்டதால் கட்டி இல்லை என்று அர்த்தமில்லை, கட்டி உள்ளவர்களுக்கும் திரும்பும். திடீரென ஒரு காது போகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரைதான் இந்தக் கட்டிக்காரர்கள். பயப்பட வேண்டாம், ஆனால் எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போட வேண்டாம். ஸ்டீராய்டையும் தள்ளிப்போட வேண்டாம், அதற்கு நாள் கணக்குதான் அவகாசம். காதில் மெழுகு என்று சொட்டு மருந்து விட்டே இரண்டு வாரம் கழிப்பவர்கள் நிறைய.

ஜூன் 12

"யாரோ கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள்." இதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தள்ளிப்போட்டேன் என்பதே சரி.

2014-லிருந்து என் இடது செருப்பு கழன்றுகொண்டிருந்தது. நடக்கும்போது தெரியாது. திரும்பிப் பார்த்தால் நாலடி பின்னால் கிடக்கும். செருப்பை மாற்றினேன், புதிதும் கழன்றது. மாடிப்படியில் இடது கால் நுனி இடித்தது. ஒரு டாக்டரிடம் போனேன். முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார், டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது (அந்த வயதில் பலருக்கும் பிதுங்கியிருக்கும்), பயிற்சி எழுதிக் கொடுத்தார். ஒன்றரை வருடம் குப்புறப்படுத்து முதுகை வளைத்தேன். முதுகு அருமையாக ஆனது.

பின்னால் ஒரு நரம்பியல் மருத்துவர் சொன்னது மனதில் தைத்துவிட்டது. டிஸ்க் நரம்பை அழுத்தினால் பெரும்பாலும் காலில் வலி இறங்கும், சுத்தியலால் தட்டும்போது துள்ளல் குறையும். கோளாறு மூளையில் இருந்தால் வலி இருக்காது, துள்ளல் கூடும். எனக்கு வலி இருந்ததே இல்லை. சுத்தியலால் யாரும் தட்டவும் இல்லை. இரண்டு நிமிட வேலை. அந்தக் கோபத்தில் ஒரு வருடம் வாழ்ந்தேன்.

ஜூன் 12, இரவு

மேலே எழுதியதைப் படித்தேன். பாதி நியாயம்தான்.

ஆபரேஷன் முடிந்து வீட்டில் சும்மா இருந்த மாதங்களில் ஒரு நோட்டில் "தவறவிட்ட அறிகுறிகள்" என்று பட்டியல் போட்டேன். பதினேழு வந்தது. பெயர்கள் மறந்தது, மஞ்சள் வெளிச்சம் பிடிக்காமல் போனது, கையெழுத்து சரிந்தது, கோபம். மனைவி வாங்கிப் படித்துவிட்டு பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தாள். பெயர் மறப்பதற்கு "இது எனக்கும்தான்" என்று எழுதினாள். கோபத்துக்கு எதிரே எழுதியது: "கல்யாணத்தன்றே இருந்தது, கட்டி அதற்கப்புறம்." கடைசியில் மிஞ்சியவை இரண்டு. செருப்பும் படியும்.

கட்டி இருக்கிறது என்று தெரிந்த பிறகு பழைய வாழ்க்கை முழுதும் அறிகுறியாகத் தெரியும். பயிற்சி எழுதிய டாக்டர் முன்னால் நான் உட்கார்ந்தபோது "இடது கால் கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது" என்றுதான் சொன்னேன். செருப்பைச் சொல்லவில்லை. செருப்பைப் போய் டாக்டரிடம் சொல்வார்களா என்று கூச்சம்.

உங்கள் அக்காவிடம் கேளுங்கள், ஆனால் விசாரணை மாதிரிக் கேட்காதீர்கள்.

ஜூன் 13

அக்கா "மூன்று மாதமாக ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண்ணாடி பவர் என்று நினைத்தேன்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வலது கை என்றால் இடது மூளை, கைக்கான பகுதி. இருக்கலாம். கண்ணாடியாகவும் இருக்கலாம். அவர் எழுதும் கை எது?

ஜூன் 16

கண் இருட்டுவது பற்றி. எழுந்து நிற்கும்போது எல்லோருக்கும் சில சமயம் இருட்டும், அது இரத்த அழுத்தச் சமாச்சாரம். குனியும்போதோ இருமும்போதோ சில விநாடி ஒரு கண்ணோ இரண்டுமோ திரை போட்டது போல மறைந்து, உடனே திரும்பினால் அது வேறு கதை. உள்ளழுத்தம் கூடி பார்வை நரம்பின் தலை வீங்கியிருக்கலாம்.

இடம் தீர்ந்ததும் அழுத்தம் எகிறும் என்று நான் முதல் நாள் சொன்னதற்கு இங்கேதான் உயிர் வருகிறது. மண்டைக்குள் சாதாரண அழுத்தம் 15 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும். இடமே இல்லாமல் நெருக்கிக்கொண்டிருக்கும் மூளையில் அழுத்தம் திடீரென 50, 100 வரை ஏறி, ஐந்து முதல் இருபது நிமிடம் அங்கேயே நின்று, தானாக இறங்கும். சுவீடனின் நில்ஸ் லுண்ட்பெர்க் நோயாளிகளின் மண்டைக்குள் தொடர்ச்சியாக அழுத்தத்தை அளந்து 1960-இல் இதை வெளியிட்டார். அலை அலையாக, மேல்பக்கம் தட்டையான வரைபடங்கள். கட்டி அந்த இருபது நிமிடத்தில் வளர்ந்து சுருங்கவில்லை. இரத்தக் குழாய்கள் கொஞ்சம் விரிந்தன, அவ்வளவுதான். வந்து வந்து போகும் தலைவலி, வாந்தி, மயக்கம் எல்லாவற்றையும் "வந்து போகிறதே, கட்டியாக இருந்தால் நிலையாக இருக்குமே" என்று ஒதுக்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நானே அப்படி ஒருவருக்குச் சொல்லியிருக்கிறேன். நல்லவேளை, அவர் என் பேச்சைக் கேட்கவில்லை.

கண் டாக்டர் கருவி வைத்துப் பார்த்தாலே நரம்பு வீக்கம் தெரியும். அப்படிச் சந்தேகம் இருக்கும்போது ஸ்கேன் பார்க்காமல் முதுகில் ஊசி போட்டுத் திரவம் எடுக்கக் கூடாது. கீழே அழுத்தம் குறைந்தால் மூளை கீழ்நோக்கிப் பிதுங்கும் ஆபத்து உண்டு.

ஜூன் 17

"அப்படியானால் எல்லோரும் ஒரு தடவை எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே?"

வேண்டாம். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் எந்தப் புகாரும் இல்லாத 2000 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். 0.9 சதவீதம் பேருக்கு மெனிஞ்சியோமா இருந்தது. அவர்கள் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். தற்செயலாகத் தெரியவரும் இத்தகைய கட்டிகளில் நிறைய வளராமலே கிடக்கும், அதிலும் சுண்ணாம்பு படிந்தவை. தெரிந்துகொண்டவர் மட்டும் அன்றிலிருந்து ஒவ்வொரு தலைவலிக்கும் நடுங்குவார். எனக்குத் தெரிந்த ஒருவர் 11 மி.மீ. கட்டியோடு பன்னிரண்டு வருடமாக இருக்கிறார். கட்டி அப்படியே இருக்கிறது, ஆள் பாதியாகிவிட்டார்.

ஜூன் 20, அதிகாலை 3

இன்று தூங்கவில்லை. வரலாறு படித்தேன். தலைப்புக்குச் சம்பந்தம் குறைவு, விருப்பமில்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

அமெரிக்கத் தளபதி லியோனார்ட் வுட். இடது பக்க வலிப்பு, இடது காலில் தளர்ச்சி. (என் ஜோடி.) 1910-இல் மூளை சர்ஜன் ஹார்வி குஷிங் அவர் தலையைத் திறந்து உச்சியை ஒட்டியிருந்த கட்டியை எடுத்தார். அந்தக் கட்டிக்கு அப்போது மெனிஞ்சியோமா என்ற பெயர்கூடக் கிடையாது, அதே குஷிங் 1922-இல் வைத்த பெயர் அது. ஆபரேஷனுக்குப் பிறகு மனிதர் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தார், 1920-இல் ஜனாதிபதி வேட்பாளராக நிற்க முயன்றார், பிலிப்பைன்ஸில் கவர்னர் ஜெனரலாக இருந்தார். கட்டி மெல்ல மெல்லத் திரும்பியது. 1927-இல் மறுபடி குஷிங்கிடமே வந்தார், அந்த ஆபரேஷனுக்குப் பிறகு இறந்துபோனார். பதினேழு வருட இடைவெளி. மெதுவாக வளரும் கட்டி என்றால் என்ன என்று இதைவிட எப்படிச் சொல்வது.

ஜூன் 20, காலை

அதிகாலையில் போட்டதை அழிக்கலாமா என்று பார்த்தேன். ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருப்பவரின் தம்பியிடம் போய் இந்தக் கதையைச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னியுங்கள். 1927-இல் எம்.ஆர்.ஐ. இல்லை, மைக்ரோஸ்கோப் வைத்து ஆபரேஷன் இல்லை, வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் 1961-இல்தான் வந்தது. அக்காவுக்கு இருக்கிற வசதி எதுவும் அந்தத் தளபதிக்கு இல்லை. வலிப்போடு வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேருக்குக் கட்டியை எடுத்த பிறகு வலிப்பு நின்றுவிடுகிறது. எனக்கும் நின்றது. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஜூன் 22

மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை, வீட்டார் எல்லோருக்கும். லெவெட்டிராசெட்டாம் என்ற வலிப்பு மாத்திரை சிலரை எரிந்து விழ வைக்கும். எனக்கு அது ஆரம்பித்த மூன்றாம் வாரம் கதவு சத்தமாகச் சாத்தியதற்காக ஒரு பாத்திரத்தை விட்டெறிந்தேன். ஆள் மாறிவிட்டார், கட்டி மூளையைக் கெடுத்துவிட்டது என்று வீட்டில் அழுதார்கள். டாக்டரிடம் சொன்னதும் மாத்திரையை மாற்றினார், பழைய அளவுக் கோபத்துக்குத் திரும்பினேன். தானாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும். சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பார்கள். டெக்ஸாமெத்தசோன் சாப்பிடும் வாரங்களில் அகோரப் பசியும் ராத்திரி முழுக்க விழிப்பும் இருக்கும். அதையும் மூளை கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்.

மறுபடி வலிப்பு வந்தால் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

ஜூன் 25

ஹார்மோனுக்கும் இந்தக் கட்டிக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு. மெனிஞ்சியோமா பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம். கட்டி அணுக்களில் பலவற்றில் புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. கர்ப்பத்தில் திடீரெனப் பார்வை மங்கி, பிரசவத்துக்குப் பின் தெளிந்த கதைகள் அதனால்தான். சைப்ரோட்டெரோன் என்ற ஹார்மோன் மருந்தை நாளொன்றுக்கு 10 மி.கி.யோ அதற்கு மேலோ கொடுப்பதற்கு 2020-இல் ஐரோப்பிய மருந்து முகமை கட்டுப்பாடு போட்டது. இந்த வருடம் மார்ச்சில் வந்த பிரெஞ்சு ஆய்வில் கருத்தடைக்குப் போடும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் ஊசியும் சிக்கியது. ஒரு வருடத்துக்கு மேல் போட்டவர்களுக்கு, ஆபரேஷன் வரை போகும் மெனிஞ்சியோமாவின் வாய்ப்பு 5.6 மடங்கு. மடங்கைக் கேட்டு அலறாதீர்கள், அடிப்படை வாய்ப்பு மிகச் சின்னது. ஆனால் அக்கா அப்படி எதாவது போட்டிருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சைப்ரோட்டெரோனை நிறுத்தியதும் கட்டி சுருங்கியவர்கள் உண்டு.

ஜூன் 26

அக்கா அப்படி எதுவும் போட்டதில்லை என்கிறீர்கள். சரி, அந்தக் கதவு மூடியது.

ஜூலை 4

ஆபரேஷன் முடிந்து வலது கை அசைகிறது என்ற செய்தி பார்த்தேன். முதல் வாரம் கை கொஞ்சம் பின்வாங்கினாலும் பதறாதீர்கள், வீக்கம் ஏறி இறங்கும். "முழுசாக எடுத்தார்களா?" என்று கேட்டுவையுங்கள், "சிம்ப்சன் தரம் எத்தனை" என்று கேட்டால் இன்னும் நல்லது. 1957-இல் டொனால்ட் சிம்ப்சன் வகுத்த தரவரிசை. கட்டியோடு அது ஒட்டியிருந்த உறையையும் எடுத்தால் முதல் தரம், திரும்ப வரும் வாய்ப்பு குறைவு.

எனக்கு நான்காம் தரம். உச்சியில் ஓடும் பெரிய சிரையில் ஒட்டியிருந்த துண்டைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். தொட்டிருந்தால் கால் போயிருக்கும் என்றார் சர்ஜன். இந்த வரியை மட்டும் நான் சரிபார்க்கப் போவதில்லை. மிச்சம் 6 மி.மீ. 2017-இல் 6, 2019-இல் 7, 2021-இல் 6, போன வருடம் 6. அந்த 7 வந்த வருடம் மனைவி எட்டு கிலோ இளைத்தாள். அளந்தவர் வேறு ஆள், அவ்வளவுதான்.

ஜூலை 9

நேற்று நடக்கப் போனபோது இடது செருப்பு கழன்றது. அங்கேயே நின்று கையில் எடுத்துப் பார்த்தேன். வார் அறுந்திருந்தது. ஒரு காலில் செருப்போடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் முதலில் வாரைக் காட்டிவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னேன்.